கல்லுக்கும் அரக்குக்கும் தங்க விலை: நகைக்கடை பில்லில் எங்கே ஏமாறுகிறோம்

கல்யாண நகை எடுக்கப் போன ஒரு குடும்பம் பெரிய கடை ஒன்றில் ஏமாந்த கணக்கு இது. கடைப் பெயர் வேண்டாம், இதே முறை பல ஊர்களில் நடக்கிறது. தங்க விலை தினமும் மாறுவதால் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

நகை, கெம்புக்கல் பதித்த ஆரம். தராசில் 40 கிராம், அதாவது ஐந்து பவுன். கல்லும் கல்லுக்கு அடியில் நிரப்பிய அரக்கும் அதில் 5.500 கிராம். மீதி 34.500 கிராம்தான் தங்கம். எஸ்டிமேட் சீட்டில் 40 கிராமுக்கும் தங்க விலை போட்டு 4,00,000 எழுதினார்கள். அந்த நாற்பது கிராமின் மேலேயே 20 சதவீதம் சேதாரம் 80,000. அதற்கும் மேல் கல் விலை 6,000. மொத்தம் 4,86,000. முறையாகப் போட்டிருந்தால் தங்கம் 3,45,000, சேதாரம் 69,000, கல் 6,000, ஆக 4,20,000தான். கல்லுக்குத் தங்க விலையும் வாங்கி, கல் விலையும் வாங்கி, அதன் மேல் சேதாரமும் வாங்கியதில் 66,000 ரூபாய் கூடுதலாகப் போயிருக்கிறது.

இதை அங்கேயே கண்டுபிடிக்க முடியாமல் போனதற்குக் காரணம் கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம்: “பில் போடாம தர்றேன்க்கா, ஜிஎஸ்டி மூணு பர்சன்ட் உங்களுக்கு மிச்சம்.” 14,580 ரூபாய் மிச்சம் என்று நம்பி வெறும் எஸ்டிமேட் சீட்டோடு வந்துவிட்டார்கள். அந்தச் சீட்டில் கடைப் பெயர்கூட இல்லை. நாளைக்கு நகையை விற்கப் போகும்போது கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் எடை போடுவார்கள். அப்போது காட்டி வாதாடக் கையில் எதுவும் இருக்காது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ கடை ரொக்கமாகப் பெறுவதையே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ஹால்மார்க் நகைக்கான பில்லில் ஒவ்வொரு நகையின் விவரம், நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியாக இருக்க வேண்டும். ஹால்மார்க் கட்டணம் ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும்தான். இதற்கு முந்நூறு, ஐந்நூறு என்று போட்டிருந்தால் கேளுங்கள். “மொத்த எடை எவ்வளவு, கல், அரக்கு, முத்து, கருமணி எவ்வளவு, நிகர எடை எவ்வளவு?” என்று கேட்டு மூன்றையும் எழுதி வாங்குங்கள். எடை போடும் தராசில் தொழிலாளர் துறையின் முத்திரை இருக்கிறதா, நகை வைக்கும் முன் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

இனி சேதாரம். பத்தர் கையால் அடித்து, அராவி, பற்றவைத்துச் செய்த காலத்தில் கொஞ்சம் தங்கம் போகத்தான் செய்யும். அப்போதும் பட்டறைத் தூசியைக் கூட்டிச் சேர்த்து அதிலிருந்து தங்கம் எடுப்பார்கள். இன்று இயந்திரத்தில் பின்னும் சங்கிலிக்குப் பதினைந்து சதவீதம் வீணாவதில்லை. சேதாரம் என்ற பெயரில் கடை தன் செலவையும் லாபத்தையும் எடுக்கிறது. லாபம் எடுப்பது தவறில்லை. சதவீதமாக எடுப்பதுதான் நம்மை அடிக்கிறது. இரண்டு பவுன் சங்கிலிக்கு 15 சதவீதம் என்றால் 2.4 கிராம். கிராம் 5,000 விற்றபோது அது 12,000 ரூபாய், 10,000 விற்கும்போது 24,000. சங்கிலியும் இயந்திரமும் வேலையும் மாறவில்லை, கூலி மட்டும் இரட்டித்துவிட்டது. அதனால் சதவீதத்தில் பேரம் பேசாமல், “கிராமுக்கு எத்தனை ரூபாய்?” என்று கேட்டு இரண்டு மூன்று கடைகளில் ஒப்பிடுங்கள். “சேதாரத்தில் பாதி தள்ளுபடி” என்ற பலகையைப் பார்த்தாலும் இதைத்தான் செய்ய வேண்டும். டேக்கில் 24 சதவீதம் போட்டுவிட்டு 12 ஆகக் குறைப்பது யாருக்கும் எளிது.

நகைக்கடையில் மாதச் சீட்டுக் கட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாதம் 5,000 வீதம் பதினொரு மாதம் கட்டினால் 55,000. அது பணமாகவே கணக்கில் நிற்கிறதா, கட்டிய அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கிறார்களா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். பணமாக நின்றால், விலை ஏறும் காலத்தில் கடைசி மாதம் கிடைக்கும் எடை குறைந்துகொண்டே போகும். “சேதாரம் இல்லை” என்பது பெரும்பாலும் 18 சதவீதம் வரை என்ற வரம்போடு வருகிறது. உங்களுக்குப் பிடித்த டிசைன் 24 என்றால் மீதி ஆறும், சீட்டுத் தொகைக்கு மேற்பட்ட எடைக்கு முழுச் சேதாரமும், ஜிஎஸ்டியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம், கடை மூடினால் அந்தப் பணத்துக்கு வங்கி வைப்புக்கு இருப்பது போன்ற காப்பீடு இல்லை. 2023இல் தமிழ்நாட்டில் பல கிளைகள் வைத்திருந்த ஒரு நகைக்கடை இழுத்து மூடியபோது, பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் நின்றார்கள்.

தரத்துக்கு வருவோம். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி எண் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம்) இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு. பிஐஎஸ் எனப்படும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைக் கடையில் இருக்கும்போதே போட்டுப் பாருங்கள். தரம், நகையின் வகை, ஹால்மார்க் செய்த மையம் எல்லாம் வரும். நீங்கள் எடுத்தது சங்கிலியாக இருந்து செயலி மோதிரம் என்று காட்டினால் அந்த எண் வேறு நகையுடையது. ஆனால் ஹால்மார்க் தங்கத்தின் தரத்துக்குத்தான் சாட்சி. கல் எடையில் செய்யும் தில்லுமுல்லை அது பிடிக்காது. “916 கேடிஎம்” என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். கேடிஎம் என்பது நகைத் துண்டுகளைப் பற்றவைக்கும் கேட்மியம் கலந்த பற்றாசு, தங்கத்தின் தரத்தைச் சொல்வதல்ல.

ஏற்கெனவே வாங்கிய நகைமேல் சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் நான்கு நகை வரை 200 ரூபாய்க்குச் சோதித்துத் தருவார்கள். ஹால்மார்க் நகையில் தரம் குறைவு என்று உறுதியானால், அந்தக் குறைவுக்கான தொகையைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் கடை தர வேண்டும் என்று 2018ஆம் ஆண்டின் பிஐஎஸ் விதிகள் சொல்கின்றன. எடையிலோ பில்லிலோ ஏமாற்று என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில், டேக், சீட்டு அட்டை மூன்றையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள், பில்லில் மை சீக்கிரம் மங்கிவிடும்.