ஆறுதல் சொன்ன அக்காவும் பெயரில்லாத மாத்திரையும்

தலையில் வட்ட வட்டமாக முடி கொட்டும் புழுவெட்டு வந்து, யாரிடமாவது மனம்விட்டுப் பேசினால் போதும் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படித் தேடிப் போன இடத்தில்தான் நான் ஏமாந்தேன்.

போன ஆவணியில் உறவுக்காரக் கல்யாணம். பூ வைத்துவிட்ட நாத்தனார், "அண்ணி, இங்க என்ன வழவழன்னு இருக்கு?" என்றாள். ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சொட்டை. ஐப்பசிக்குள் நான்கு இடங்களில் வந்துவிட்டது, இடது புருவத்திலும் பாதி போனது. சின்ன வெங்காயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் சமயபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். வேண்டுதல் என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் அல்லவா. மற்ற இடங்களில் முடி முளைத்தது. சொட்டைகள் அப்படியே இருந்தன.

என் கணவர், "முடிதானே, விடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது. அந்த நேரத்தில்தான் புழுவெட்டு உள்ள பெண்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்தியவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே அவரே போன் செய்தார். "எனக்கும் ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் தலை முழுக்கப் போச்சு கண்ணு. நீ அழுது முடி, அப்புறம் பேசலாம்" என்றார். நான் அழுதேன். மூன்று வாரம் ஏறக்குறைய தினமும் பேசினோம். மருந்து என்று ஒரு வார்த்தை கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் விற்க வருகிறவர்கள் வந்தவுடனே விற்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

நான்காவது வாரம், "நான் சாப்பிட்டதை உனக்குச் சொல்லலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்" என்று ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு எண்ணெயும் மாத்திரையும் சேர்த்து 18,500 ரூபாய். மூலிகை என்றார். வெள்ளை டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி எதுவும் இல்லை. "வீட்டிலேயே செய்யறது கண்ணு" என்றதும் அதுவே எனக்கு நம்பிக்கையாகப் பட்டது.

ஆறே வாரத்தில் முடி முளைத்தது. நான் நம்பாமல் எப்படி இருப்பேன்? அடுத்த மூன்று மாதத்துக்கும் உடனே பணம் அனுப்பினேன். கன்னம் உப்பியது, ஏழு கிலோ கூடியது, லேசாக இடித்தாலே கை கால்கள் கன்றிப்போயின. கேட்டதற்கு, "ரத்தம் ஊறுது, நல்ல அறிகுறி" என்றார்.

ஒரு நாள் சேலம் பக்கத்துப் பெண் ஒருவர் குழுவில், "மாத்திரை சாப்பிட்டதிலிருந்து முகம் வீங்குது, வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். பத்து நிமிடத்தில் அந்தச் செய்தி அழிக்கப்பட்டது, அவரையும் நீக்கிவிட்டார்கள். அதற்குள் நான் எண்ணைக் குறித்துக்கொண்டு கூப்பிட்டேன். பேசப் பேச எனக்குக் கை நடுங்கியது. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவரிடம் அக்கா, "முடி போனதால எனக்கும் கல்யாணமே ஆகலை" என்று சொல்லியிருக்கிறார். பிரசவம் பற்றிப் பேச்சே இல்லை. யாருக்கு எங்கே வலிக்கிறதோ அதற்கேற்ற ஒரு கதை.

அடுத்த வாரம் அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போனேன். டாக்டரம்மா டப்பாவையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு முதலில் சொன்னது: "இதைத் திடீர்னு நிறுத்திடாதீங்க." நோய் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும் என்று அவர் சந்தேகப்பட்டார். பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டால் உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் குறைந்துவிடுமாம். சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். காலை நேரக் கார்டிசால் பரிசோதனையில் எனக்கு அளவு குறைவாகத்தான் இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வெளியே வந்தேன். முளைத்த முடியில் பாதி மறுபடியும் கொட்டியது. அதனால் அந்த டப்பா உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து நீங்களாக நிறுத்த வேண்டாம். டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்.

இந்த நோயில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே முடியின் வேரைத் தாக்குகின்றன. ஆனால் வேர் செத்துப்போவதில்லை. சின்னச் சொட்டைகள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே நிரம்பிவிடும். எந்த எண்ணெயை விற்றாலும் "எனக்கு வளர்ந்தது" என்று உண்மையாகவே சொல்ல நான்கு பேர் கிடைப்பது இதனால்தான். எனக்கு இப்போது சொட்டை உள்ள இடங்களில் ட்ரையம்சினலோன் ஊசி போடுகிறார்கள், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. அதுவும் ஸ்டீராய்டுதான், ஆனால் அளவு தெரிந்து, தேவையான இடத்தில் மட்டும் போடுவது. சுருக்கென்று வலிக்கும். அரசு மருத்துவமனையில் பணம் வாங்கவில்லை. புழுவெட்டு தீவிரமாக உள்ள பெரியவர்களுக்கு பாரிசிடினிப் என்ற மாத்திரையை 2022இல் அமெரிக்க மருந்துத் துறை அனுமதித்திருக்கிறது. ரத்தப் பரிசோதனைகளோடு டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டியது அது. நிரந்தரமாகக் குணமாக்குவேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாத நோய்களில் வழுக்கையும் ஒன்று.

37,000 ரூபாய் போனது. அதைவிட எனக்கு ஆறாதது வேறு. என் மகள் பள்ளிக்கூடத்துக்கு என்னை வரவேண்டாம் என்று சொன்னதை அந்த அக்காவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. அடுத்த தவணை கேட்டபோது அவர் அதையே எடுத்துப் பேசினார்: "பாப்பா உன்னைக் கூட்டிட்டுப் போகணும்ல?"

நுகர்வோர் உதவி எண் 1915இலும் இணையக் குற்றத்துக்கான 1930இலும் புகார் கொடுத்திருக்கிறேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதியிருக்கிறேன். பணம் அனுப்பிய ரசீது, குரல் பதிவுகள், காலி டப்பா எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. நீங்களும் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

சேலத்துப் பெண்ணும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். அவருக்குப் போன வாரம் புருவத்தில் நான்கு முடி முளைத்திருக்கிறது, நான்கும் வெள்ளை. புதிதாக வருவது முதலில் வெள்ளையாக வருவது சகஜம்தான் என்று என் டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன்.