அறை முழக்கத்துக்கு எது உதவும்: முட்டை அட்டையா, ஃபோமா, திரையா, ராக்வூலா?

குரல் பதிவுக்கான ஓர் அறை, 5 × 4 × 3 மீட்டர். பூசிய சுவர், டைல்ஸ் தரை, உள்ளே சாமான் கிடையாது. தனியாகக் காதில் விழும் எதிரொலிக்குச் சுவர் சுமார் 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இங்கே தொல்லை தருவது எதிர்முழக்கம்: ஒலி சுவர்களில் மாறிமாறிப் பட்டு, பேச்சு நின்ற பிறகும் நீள்வது. மொத்தப் பரப்பு 94 சதுர மீட்டர். அதில் படும் ஒலியில் 3% தான் உறிஞ்சப்படுகிறது என்றால், முழக்க நேரத்தைக் கணக்கிடும் சபின் சூத்திரப்படி ஒலி 60 டெசிபல் தணிய 3.4 விநாடி ஆகும். எதை மாட்டினாலும் 10 சதுர மீட்டருக்கு என்று கணக்கிடுவோம்.

முட்டை அட்டையை விட்டுவிடலாம். மெல்லிய காகிதக்கூழ், கீழ் அதிர்வெண்களை (தாழ்ந்த, கனத்த ஒலிகளை) அசைக்காது, எளிதில் தீப்பிடிக்கும்.

25 மி.மீ. ஃபோம், 2000 ஹெர்ட்ஸில் நன்றாக உறிஞ்சும். 500 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 30% தான், முழக்கம் 1.75 விநாடியில் நிற்கும். காரணம், சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை. அசைவு உச்சத்தில் இருப்பது கால் அலைநீளத் தூரத்தில். 500 ஹெர்ட்ஸுக்கு அது 17 செ.மீ. ஒட்டிய ஃபோம் அதை எட்டாது. விளைவு: 'ஸ', 'ச' மழுங்கும், குரலின் அடிப்பகுதி மட்டும் கும்மென்று நிற்கும். பலர் காசை விடுவது இங்கேதான்.

கனத்த வெல்வெட் திரை அதைவிட மேல், மடிப்பு இருந்தால். 3 மீட்டர் சுவருக்கு 6 மீட்டர் துணி, சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி: 500 ஹெர்ட்ஸில் பாதியளவு உறிஞ்சும், சுமார் 1.3 விநாடி. விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய துணியால் பயனில்லை. வாடகை வீட்டுக்குத் திரையே நல்லது.

சொந்த இடமா? 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி. முழக்கம் 0.9 விநாடி அளவுக்கு இறங்கும். மரச்சட்டத்தில் அடைத்து, பின்னால் 5 செ.மீ. இடைவெளி விட்டால் கீழ் அதிர்வெண்ணிலும் பலன் கூடும். போர்த்தும் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையின்றிப் போக வேண்டும். ரெக்சின் போர்த்தினால் மேல் அதிர்வெண்கள் திரும்பி அறைக்குள்ளேயே வரும். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் தேவை.

எதை வாங்கினாலும் ஒரே சுவரில் குவிக்காமல், அடுத்தடுத்த இரு சுவர்களில் பிரித்து மாட்டுங்கள். எதிரெதிர் வெறுஞ்சுவர் மிஞ்சினால், கைதட்டியதும் படபடவென்று ஒலி அவற்றுக்கிடையே துள்ளும். தெரு இரைச்சலை இவற்றில் எதுவும் தடுக்காது. அதற்குக் கனமான சுவரும், இடுக்கில்லாத கதவும் வேண்டும்.