கேப் டவுன் வறட்சி: விலையை ஏற்றுவதா, அளவைக் கட்டுவதா?

2018 வறட்சியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் இரண்டையுமே செய்தது. தண்ணீர்க் கட்டணத்தை ஏற்றியது, அப்புறம் பிப்ரவரியிலிருந்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பும் வைத்தது.

கட்டண உயர்வு நீச்சல்குளத்தையும் புல்தரையையும் பெரிய அளவில் கட்டுப்படுத்தும், அதை மறுக்கவில்லை. ஆனால் பணம் இருந்தவர்கள் வீட்டிலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டார்கள், இல்லாதவர்களுக்கு அந்த வழியே கிடையாது.

அதனால் என் ஓட்டு அளவு வரம்புக்குத்தான், ஆனால் தலை எண்ணிக் கொடுக்க வேண்டும், வீடு எண்ணி அல்ல. வரம்பு ஆளுக்கு என்று சொன்னாலும், அப்போது அங்கே ஏழை வீடுகளில் பொருத்தியிருந்த மீட்டர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 350 லிட்டர் விட்டதும் தண்ணீரைத் தானாக நிறுத்தியது. நான்கு பேருக்குச் சரி, ஆனால் கொல்லைப்புறக் கொட்டகையில் குடியிருப்பவர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் அதே குழாயை நம்பியிருந்தால் ஆளுக்கு 35 லிட்டர்தான், அதில் குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் துவைக்கவும் வேண்டும்.

போதிய தண்ணீர் பெறும் உரிமை தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இருந்தும் 2009-இல் ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் தண்ணீர் பற்றிய வழக்கில், 'போதிய' என்றால் எத்தனை லிட்டர் என்று சொல்ல அரசியலமைப்பு நீதிமன்றம் மறுத்துவிட்டது. வறட்சி வருவதற்கு முன்பே அந்த எண்ணைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும்.