வகுப்பறையில் ராஜதந்திரம்: மாதிரி ஐ.நா.வா, பாக் நீரிணையா, 1954 புதுச்சேரியா?

பன்னாட்டு ராஜதந்திரத்தை மாணவர்களுக்கு நடத்திக் காட்ட வேண்டுமென்றால் அதற்கு மாதிரி ஐ.நா. (மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பேராளராக அமர்ந்து ஐ.நா. கூட்டத்தை நடத்திப் பார்க்கும் பயிற்சி) ஒன்றே வழி என்ற எண்ணம் கடலூரிலும் புதுச்சேரியிலும் வேரூன்றிவிட்டது. ஆங்கிலவழித் தனியார் பள்ளிகள் கோட்டும் கழுத்துப்பட்டையும் பெயர்ப்பலகையுமாக அதை நடத்துகின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் அதையே தமிழில் செய்துபார்க்கலாமா என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். செய்யலாம். ஆனால் அதற்கு முன், கைவசம் இருக்கும் மற்ற வடிவங்களோடு அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. நாற்பது மாணவர்கள், முக்கால் மணி நேரப் பீரியட், காலாண்டுத் தேர்வு முடிந்து கிடைக்கும் ஒன்றிரண்டு வாரம் என்ற நம் நிலைமையை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீடு எழுதப்படுகிறது.

என் அளவுகோல் ஒன்றுதான். தன் அரசு கொடுத்தனுப்பிய ஆணைக்கும் எதிரே அமர்ந்திருப்பவரின் கோரிக்கைக்கும் நடுவே மாணவர் உண்மையிலேயே மாட்டிக்கொள்கிறாரா என்பதே அது. ராபர்ட் புட்னம் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1988-ல் இதை இரண்டு மேசை ஆட்டமாக விளக்கினார்: ஒரு மேசையில் அயல்நாட்டார், இன்னொன்றில் சொந்த நாட்டுக் கட்சிகளும் தொழிலாளரும் வணிகரும். முதல் மேசையில் கிடைத்த உடன்பாட்டை இரண்டாம் மேசையில் ஒப்புக்கொள்ள வைக்க முடியாத பேராளர் வெறுங்கையோடுதான் திரும்புவார். இரண்டாம் மேசை இல்லாத பயிற்சியைப் பேச்சுப்போட்டியின் கிளை என்றே நான் கருதுகிறேன்.

மாதிரி ஐ.நா.வின் பொதுப்பேரவை வடிவம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அதன் பலங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 193 உறுப்பு நாடுகள் இருப்பதால் எத்தனை மாணவர் வந்தாலும் ஆளுக்கொரு நாடு தரலாம்; வெளியில் ஆயத்த விதிமுறைகள் கிடைக்கின்றன; கூச்சப்படும் பிள்ளையும் ஒரு நிமிடமாவது எழுந்து பேசியாக வேண்டும். ஆனால் பெரு நாட்டின் பேராளராக வரும் மாணவிக்குப் பின்னால் பெரு நாட்டு மக்கள் யாரும் இல்லை. இணையத்தில் எடுத்த இரண்டு பத்தி நிலைப்பாட்டு அறிக்கைதான் இருக்கிறது. அவர் எதை விட்டுக்கொடுத்தாலும் கேள்வி கேட்க ஆளில்லாததால், விட்டுக்கொடுப்பது மிக மலிவாகிவிடுகிறது, அல்லது விறைப்பாக நிற்பது வீரமாகிவிடுகிறது. போதாக்குறைக்குச் சிறந்த பேராளர் விருது வேறு. விருது இருக்கும் இடத்தில் சமரசம் செய்துவைத்தவரைவிட அதிகம் மைக் பிடித்தவர்தான் கவனிக்கப்படுகிறார்.

விதிமுறைகளையும் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளில் புழங்கும் மோஷன் (அவை அடுத்து என்ன செய்யலாம் என்ற முன்மொழிவு), மாடரேட்டட் காகஸ் (தலைவர் அழைக்க அழைக்க ஒரே தலைப்பில் சுருக்கமாகப் பேசும் விவாதம்) முதலான நடைமுறைகள் அமெரிக்க மாணவர் மாநாடுகளின் வழியே வந்தவை; நியூயார்க்கில் உள்ள உண்மையான பொதுப்பேரவை அப்படி நடப்பதில்லை. அங்கே பெரும்பாலான தீர்மானங்கள் வாக்கெடுப்பே இல்லாமல், பக்கத்து அறைகளில் வாசகத்தை வரிவரியாகத் திருத்தி எல்லோரையும் இணங்கவைத்த பின் நிறைவேறுகின்றன. ஐ.நா. செயலகமே பின்னாளில் உண்மை நடைமுறைக்கு நெருக்கமான வழிகாட்டி ஒன்றை மாணவர்களுக்காக வெளியிட்டது. மாதிரி ஐ.நா. நடத்தியே தீருவது என்று முடிவெடுத்த பள்ளி அந்த வழிகாட்டியைப் பின்பற்றி, விருதை நிறுத்திவிட்டாலே பாதிக் குறை தீரும்.

பாதுகாப்பு அவை வடிவம் இதைவிட இறுக்கமானது. பதினைந்து நாடுகள், ஐந்துக்கு ரத்து அதிகாரம், தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்கு. விதியை ஒரே பீரியடில் விளக்கிவிடலாம். வாக்களிக்காமல் விலகி நிற்பதும் ஒரு கருவி என்பதை இதைப் போலக் கற்பிக்கும் வடிவம் வேறில்லை. 2021 ஆகஸ்டில் இந்தியா தலைமை வகித்தபோது ஆப்கானிஸ்தான் பற்றிய 2593-ஆம் தீர்மானம் பதின்மூன்று வாக்குகளோடு நிறைவேறியது. ரஷ்யாவும் சீனாவும் எதிர்த்து வாக்களித்திருந்தால் அது விழுந்திருக்கும், ஆனால் அவை ஒதுங்கி நின்றன. ஏன் ஒதுங்கின என்று கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருந்தால் போதும், வகுப்பே விவாதிக்கும். ஆயினும் நாற்பது பேர் வகுப்பில் ஐந்து பேர் நாட்டாமை செய்ய, மற்றவர்கள் சலித்துப்போவதைத் தவிர்ப்பது கடினம். நாட்டுக்கு இருவர் அல்லது மூவர் என்று குழுவாக்கி, ஒருவரைத் தலைநகரில் இருக்கும் அமைச்சராக வேறு பெஞ்சில் உட்காரவைத்து, துண்டுச்சீட்டில் ஆணை அனுப்பச் செய்தால், இரண்டாம் மேசையின் சாயலாவது வரும்.

பருவநிலை மாநாட்டு வடிவத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயலையும் 2024-ல் ஃபெஞ்சலையும் கண்ட இந்தக் கரைக்கு, பருவநிலைப் பேரிடரால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதி 2022-ல் ஷர்ம் அல் ஷேக் மாநாட்டில் எப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது பொருத்தமான பாடம்தான். அங்கே வாக்கெடுப்பு விதியே இன்றுவரை ஏற்கப்படாததால் எல்லாம் கருத்தொற்றுமையால் நகர வேண்டியிருக்கிறது. ஆனால் கரிம உமிழ்வின் டன் கணக்குகளிலும் விழுக்காடுகளிலும் வகுப்பு சிக்கிவிடும் அபாயம் பெரிது. கணக்கில் ஆர்வமுள்ள பிளஸ் ஒன் அறிவியல் பிரிவுக்கு வேண்டுமானால் தரலாம்.

இனி, கடலூர் மாணவர்களை நாற்காலி நுனிக்கு இழுக்கும் வடிவத்துக்கு வருவோம். பாக் நீரிணை மீன்பிடிச் சிக்கலை இந்தியாவும் இலங்கையும் பேசித் தீர்ப்பதாக அமைக்கும் இருதரப்புப் பேச்சுவார்த்தை அது. ஆவணங்கள் குறைவு, தெளிவானவை. 1974 ஜூன் ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கையின் பக்கம் வைத்து எல்லை வகுத்தது. இந்திய மீனவரும் பக்தர்களும் முன்போலவே பயண ஆவணமின்றித் தீவுக்குச் சென்றுவரலாம் என்றும் சொன்னது. 1976 மார்ச் உடன்பாட்டோடு இணைந்த கடிதப் பரிமாற்றம், ஒரு நாட்டார் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிப்பதை நிறுத்தியது. 2016-ல் இரு நாடுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017-ல் இலங்கை இழுவைமடியை (கடலடியை வாரிச் செல்லும் வலையை) சட்டம் போட்டுத் தடைசெய்தது. இவ்வளவை இரண்டு பக்கத்தில் அடக்கிக் கையில் கொடுத்துவிடலாம்.

இதன் இடர் எல்லோருக்கும் தெரிந்ததே: வகுப்பு முழுவதும் ஒரே பக்கம் நிற்கும். இலங்கைத் தரப்பில் உட்காரும் மாணவரை மற்றவர்கள் துரோகி என்பார்கள். காரைக்காலில் நடத்தினால், உறவினர் இலங்கையில் சிறைப்பட்ட வீட்டுப் பிள்ளையே அந்த அறையில் இருக்கக்கூடும். ஆனால் கடலூருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் தாழங்குடாவிலும் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சுருக்குமடி வலை (மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை) பற்றிய சண்டை வீட்டுப் பேச்சு. தமிழ்நாடு 2000-ல் தடைசெய்த அந்த வலையை, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பகல் நேரத்தில் பயன்படுத்த இடைக்கால அனுமதி தந்தது. பெரிய வலை கடலைத் துடைத்துவிட்டால் சிறு ஃபைபர் படகுக்காரர் என்ன செய்வார் என்ற முறையீட்டை அவர்கள் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருப்பார்கள். இழுவைமடி பற்றி யாழ்ப்பாணத்துத் தமிழ் மீனவர் சொல்வதும் ஏறத்தாழ அதே முறையீடுதான். எனவே இலங்கைத் தரப்பைக் கொழும்பு அதிகாரிகளாக மட்டும் காட்டாமல், பாதியை யாழ்ப்பாணம், மன்னார் மீனவர் சங்கங்களாக அமைத்து, அந்தப் பாத்திரங்களைச் சிறுபடகுக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால், துரோகிப் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் இதை ஆண்டின் முதல் பயிற்சியாக நான் வைக்க மாட்டேன். மாணவர்கள் ஒருமுறையாவது குளிர்ந்த பொருளில் பேசிப் பழகியபின் வைக்க வேண்டியது இது.

அந்தக் குளிர்ந்த பொருளாக நான் பரிந்துரைப்பது புதுச்சேரியின் சொந்த வரலாற்றை: பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவோடு இணைப்பது பற்றி 1954 முதல் 1956 வரை இந்தியாவும் பிரான்சும் நடத்திய பேச்சுவார்த்தையை. உணர்ச்சி ஆறிவிட்டது, ஆவணங்கள் திறந்திருக்கின்றன, முடிவின் அடையாளங்களோ தெருவில் நிற்கின்றன. குபேர் அங்காடிக்குக் காய்கறி வாங்கப் போகும் பிள்ளைக்கு, அந்தப் பெயருக்குரிய எதுவார் குபேர் 1954-ல் பிரெஞ்சுச் சார்பிலிருந்து இணைப்பின் பக்கம் தாவிய அரசியல்வாதி என்று தெரியவருவதே ஒரு பாடம்.

இரண்டாம் மேசை இங்கே தானாகவே அமைந்திருக்கிறது. பிரான்சின் 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவு, சம்பந்தப்பட்ட மக்களின் ஒப்புதல் இன்றி நிலப்பகுதி எதையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்றது. ஆகவே பாரிசிலிருந்து வரும் பேராளர் மனம் இருந்தாலும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட முடியாது. வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் 1949-ல் பொதுவாக்கெடுப்பு நடந்து இணைப்புக்கே வெற்றி கிடைத்தது. தெற்கே புதுச்சேரிப் பகுதிகளில் அப்படி நடத்துவதை டெல்லி விரும்பவில்லை. இந்த முட்டுக்கட்டைக்கு நடுவில் கண்ட வழி, 1954 அக்டோபர் 18-ல் புதுச்சேரிப் பகுதியின் கீழூர் கிராமத்தில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தது: 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28-ல் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியும், பிரெஞ்சு நாடாளுமன்ற ஒப்புதல் தாமதமானதால் அது நடைமுறைக்கு வர 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க நேர்ந்தது. அதே 1962 ஜூலையில்தான் அல்ஜீரியா விடுதலை பெற்றது. கையெழுத்துக்கும் ஒப்புதலுக்கும் இடையே ஆறாண்டு கிடக்கலாம் என்பதை எந்த மாதிரி ஐ.நா.வும் சொல்லித் தருவதில்லை.

பேரம் பேசவும் பொருள் நிறைய உண்டு. பிரெஞ்சு மொழியின் நிலை, அரசு ஊழியர் பணியுரிமை, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு எத்தனை மாத அவகாசம், தனி நிர்வாக அமைப்பு தொடருமா, அதை மாற்றும்போது மக்கள் கருத்தைக் கேட்க வேண்டுமா. நாற்பது பேரையும் பங்கிட இடமிருக்கிறது: இரு நாட்டுப் பேராளர்கள், டெல்லி, பாரிஸ் நாடாளுமன்றங்கள், குபேர் அணி, வ. சுப்பையாவின் தலைமையிலான பொதுவுடைமைக் கட்சி, பஞ்சாலைத் தொழிலாளர், ஓய்வூதியம் வாங்கும் சொல்தாக்கள் (பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய உள்ளூர்க்காரர்கள்), காரைக்கால், மாஹே, ஏனாம் பிரதிநிதிகள், அன்றைய எல்லைச் சுங்கச்சாவடியின் இந்தப் பக்கம் நிற்கும் கடலூர் வணிகர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மற்றவர் அறியாத ஆணைச்சீட்டு ஒன்று. அதில் விடவே கூடாதது ஒன்றும் விற்றுவிடக்கூடியவை இரண்டும். இது தமிழிலேயே நடத்தக்கூடியது என்பதும் சிறிய வசதி அல்ல. ஆங்கிலம் தடுமாறும் மாணவி மாதிரி ஐ.நா.வில் வாயை மூடிக்கொள்வார். இங்கே சொல்தாவின் மனைவியாக நின்று ஓய்வூதியத்துக்கு மல்லுக்கட்டுவார்.

குறைகள் இதற்கும் இருக்கின்றன. முடிவு முன்கூட்டியே தெரிந்த கதை என்பதால், இணைப்பு நடக்குமா என்பதைப் பேச்சுப்பொருளாக வைத்தால் ஆட்டம் படுத்துவிடும். எந்த நிபந்தனையில், எப்போது என்பதையே வைக்க வேண்டும். ஆசிரியருக்குத் தயாரிப்பு வேலை மாதிரி ஐ.நா.வைவிட அதிகம், ஏனெனில் ஆணைச்சீட்டுகளை அவரே எழுத வேண்டும். ஐந்து பீரியடுக்குக் குறைவாக இதை முடிக்க இயலாது. இரண்டே பீரியட் கிடைக்கும் பள்ளி பாதுகாப்பு அவையோடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொன்று, கீழூரில் எதிர்த்து வாக்களித்த எட்டுப் பேரின் பாத்திரங்களை வகுப்பின் மந்தமான பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தள்ளிவிடும் பழக்கம் நமக்கு எளிதில் வந்துவிடும். நன்றாக வாதாடத் தெரிந்தவர்களிடமே அவற்றைக் கொடுத்து, மறுபக்கத்தார் அந்த எட்டு வாக்குகளையும் சலுகை கொடுத்து வென்றெடுக்க முயலும்படி ஒரு பீரியடை முழுதாக விட்டுவைக்க வேண்டும். கடைசிப் பீரியடில் 1956 ஒப்பந்தத்தின் உண்மையான பிரிவுகளை வாசிக்கக் கொடுத்து, தாங்கள் பெற்றது கூடுதலா குறைவா என்று குழுக்களையே கணக்குப் பார்க்கச் சொல்லலாம்.