நோட்டா, எக்செலா, மென்பொருளா?

தாம்பரம் பக்கம் ஒரு பழைய வீட்டில், கிராமத்தில் புழங்கிய சாமான்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். கலப்பை, கமலைச் சால், மரக்கால், முறம், திருகை என்று ஐந்நூற்றுச் சொச்சம். எது எப்போது வந்தது, யார் கொடுத்தது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று எழுதி வைக்க மூன்று வழியும் பார்த்தாகிவிட்டது. என் ஓட்டு கட்டுப்போட்ட பெரிய நோட்டுக்குத்தான். எக்செல் துணைக்கு இருக்கட்டும், தேடுவதற்கு மட்டும்.

மென்பொருளில் நாங்கள் போட்டது, அருங்காட்சியகப் பொருள்களைப் பதிவு செய்வதற்கான கலெக்டிவ்ஆக்சஸ். இலவசம், குறை சொல்ல முடியாது. படம், கொடுத்தவர், அலமாரி எல்லாம் ஒன்றோடொன்று கோத்து நிற்கும். ஆனால் அது ஓடுகிற பிஎச்பி என்ற நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளமும் தெரிந்த ஆள் பக்கத்திலேயே வேண்டும். அமைத்துக் கொடுத்த பையனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, போய்விட்டான். சர்வர் வாடகை கட்ட வேண்டிய தேதி அவன் மின்னஞ்சலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை பக்கமே திறக்கவில்லை.

எக்செலை எல்லோருக்கும் தெரியும், அதுதான் அதன் பலமும் வம்பும். 2021-இல் பத்தாவதாக வந்த பொருளுக்கு 2021.10 என்று எண் கொடுத்தோம். எக்செல் அதைத் தசமமாக எடுத்துக்கொண்டு கடைசிப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டது. முதலாவதாக வந்த உலக்கையும் 2021.1, பத்தாவதாக வந்த மரக்காலும் 2021.1! அந்தப் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றியிருக்க வேண்டும். அப்புறம் ஒருநாள், பெயர்ப் பத்தியை மட்டும் யாரோ அகர வரிசைப்படுத்த, ஒருவர் கொடுத்த திருகை இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. சரிசெய்ய ஒரு மாதம் ஆனது, அதுவும் நோட்டைப் பார்த்துத்தான்.

நோட்டில் இந்த வேலையெல்லாம் நடக்காது. பக்க எண் அச்சிட்டது, தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும். தப்பாக எழுதினால் அழிப்பதில்லை. ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியோடு கையெழுத்து. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் கணினியே இல்லாமல் நூறாண்டுக்கு மேல் ஓடியதுதானே.

இன்னொன்று, நோட்டில் எழுத உட்கார்ந்தால் பேச்சு வரும். அந்த மரக்காலைக் கொண்டுவந்த பெரியம்மாவிடம் பெயர், ஊர் கேட்டுக்கொண்டே மெதுவாக எழுதினேன். “எட்டுப் படி பிடிக்கும் தம்பி. எங்க மாமியார் கூலி அளக்கும்போது தலை தட்டாம, கும்பாரமாத்தான் அளப்பாங்க” என்றார். குறிப்பில் அப்படியே ஏறியது. கணினியில் ‘அளவை, பித்தளைப் பூண்’ என்று தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன். பொருளை அந்தந்த ஊரில் அழைக்கும் பெயருக்கும் ஒரு பத்தி விட்டிருக்கிறோம். மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது ஓர் ஊரில் கமலை, இன்னோர் ஊரில் கவலை.

பொருளின் மேல் எண் இல்லாவிட்டால் இதெல்லாம் வீண். மரம், பித்தளை என்றால் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து ஒரு பூச்சு, காய்ந்ததும் நிறமி மையில் எண், மேலே இன்னொரு பூச்சு. வேண்டாமென்றால் அசிட்டோனால் துடைத்துவிடலாம். ஓலைப்பெட்டி, துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடுவோம். ஸ்டிக்கர் மட்டும் வேண்டாம். பசை காய்ந்து எண் உதிர்ந்துவிடும், கறை தங்கிவிடும்.

நோட்டுக்கு எதிரி தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கீழ் அலமாரி நனைந்தது. மை பேனாவில் எழுதிய பக்கங்கள் கரைந்தன, பால்பாயிண்ட் எழுத்து தப்பித்தது. இப்போது நோட்டு பரணில். மாதம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்து இரண்டு பேர் வீட்டில் வைக்கிறோம். பொருள் ஐயாயிரம், பத்தாயிரம் என்று போனால் நோட்டு தாங்குமா? அந்த அளவுக்கு நான் கணக்கு வைத்ததில்லை. சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தால் அங்கே மென்பொருளே சரிப்படலாம். எங்களிடம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை வருகிற நாலு பேர், அதில் இருவருக்கு எக்செல் தெரியாது.