கையால் வரைந்தது என்று சொல்லி ஃபில்டரை விற்றார்கள்

தொட்டியில் குட்டையாக வளர்க்கும் என் ஜூனிப்பர் மரத்தை, அதாவது போன்சாயை, பென்சில் ஓவியமாக்க ஆசைப்பட்டு ஒருவரிடம் ஏமாந்தேன். ஆளின் பெயர் வேண்டாம், செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். 'புகைப்படம் அனுப்புங்கள், கையாலேயே வரைந்து தருகிறேன், பத்து நாள் ஆகும்' என்றார். முழுப் பணமும் முன்கூட்டியே கேட்டார். கொடுத்தேன்.

பதினோராம் நாள் படம் வந்தது. முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இடித்தது. கிளையை வளைக்கச் சுற்றியிருந்த அலுமினியக் கம்பி சுற்றுச் சுற்றாக அப்படியே இருந்தது. தொட்டியில் நான் எடுக்க மறந்த பெயர்ச்சீட்டும் இருந்தது. பென்சில் பிடிக்கிற யாராவது அதைப் போய் வரைவார்களா? ஆனால் மரத்துக்கே அழகு தந்த பகுதி காணோம். தண்டில் பட்டை உரிந்து வெளுத்த ஷாரி, உச்சியில் காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் கிளையான ஜின் இரண்டும் தாளோடு தாளாகக் கரைந்துவிட்டன.

சந்தேகம் வந்து, இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் அதே புகைப்படத்தைத் திறந்தேன். கறுப்பு வெள்ளையாக்கி, அதை இன்னொரு லேயராக (அடுக்காக) நகலெடுத்து, நெகட்டிவ் போல இன்வெர்ட் செய்து, காஸியன் பிளரால் மங்கலாக்கி, கீழ்ப்படத்தை வெளுக்கச் செய்யும் கலர் டாட்ஜ் முறையில் மேலே வைத்தேன். ஐந்து நிமிடத்தில் அவருடைய 'பத்து நாள்' ஓவியம் வந்து நின்றது. என் படத்தை அவர் அனுப்பிய அளவுக்குச் சுருக்கி, ஒன்றின் மேல் ஒன்றாக, வித்தியாசத்தை மட்டும் காட்டும் டிஃபரன்ஸ் முறையில் வைத்தால் திரை கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. தொட்டி மண்ணில் இருந்த பாசியின் ஒவ்வொரு புள்ளியும் பொருந்தியது. எந்தக் கைக்கும் அது சாத்தியமில்லை.

அளவிலும் கோளாறு. நான் கொடுத்த கோப்பு 6000 × 4000 பிக்சல், வந்தது 1600 × 1067. அங்குலத்துக்கு 300 பிக்சல் வைத்து அச்சிட்டால் அகலம் ஐந்தே கால் அங்குலத்தைச் சற்றே தாண்டும். நான் கேட்டிருந்தது 18 அங்குலம்!

சரி, ஜின் காணாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. இந்த முறையில் ஒரே சீராக இருக்கும் பரப்பு எந்த நிறமானாலும் வெள்ளையாகிவிடும். வெளிச்சம் சட்டென்று மாறும் விளிம்பில், அதுவும் இருண்ட பக்கத்தில்தான் கோடு விழும். வெளுத்த ஜின்னை வெள்ளைச் சுவர் முன்னால் வைத்து எடுத்தால் கோடு எங்கிருந்து வரும்? இப்போது சாம்பல் நிறத் துணியை மரத்துக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளித் தொங்கவிடுகிறேன். கேமராவைத் தண்டின் நடு உயரத்துக்கு இறக்கி, 85 மி.மீ. லென்ஸில் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி எடுக்கிறேன். காய்ந்த மரத்தின் வரிகள் அப்போதுதான் எழுந்து வருகின்றன. அப்புறமும் வெளுத்துப் போகும் இடங்களில் மட்டும் மேல் லேயரை மறைக்கும் மாஸ்க் போட்டு அசல் படத்தின் நிழலை லேசாக மீட்டுக்கொள்ளலாம். நெபாரி, அதாவது மண்ணுக்கு மேல் பரவும் வேர்கள், கரும் திட்டாகிவிட்டால் பிளரின் ஆரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

இப்படி மென்பொருளில் ஃபில்டர் போடுவது தப்பில்லை, நானே போடுகிறேன். அதைக் கைவேலை என்று விற்பதுதான் மோசடி. உண்மையிலேயே வரைகிறவரிடம் பாதியில் நிற்கும் தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னால் தயங்காமல் அனுப்புவார். இவரிடம் நான் கேட்கவே இல்லை. கம்பியை விட்டுவிட்டு வரைய முடியுமா என்றும் முதலிலேயே கேட்டிருக்கலாம், அந்த ஒரு கேள்வியிலேயே குட்டு உடைந்திருக்கும்.

டிஃபரன்ஸ் படத்தை அவருக்கு அனுப்பினேன். 'மவுஸைக் கையால்தானே பிடிக்கிறோம்' என்று பதில் வந்தது. பாதிப் பணம் திரும்பி வந்திருக்கிறது, மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.