கமக்கட்டில் போட்ட ஊசி

லண்டனிலிருந்து மூன்று வார விடுமுறையில் யாழ்ப்பாணம் போன எனக்கு, ஐந்தாம் நாளே ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டி வந்தது. கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கிணற்றுக்கட்டுப் பாசியில் வழுக்கிய அம்மா, வலக்கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. தகடு வைக்க வேண்டும் என்றார்கள். நகரிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தோம்.

அம்மாவுக்கு 72 வயது. நெடுநாளாக முட்டு வருத்தமும் (ஆஸ்துமா) உண்டு. ஆகவே முழு மயக்கம் கொடுக்காமல் கையை மட்டும் விறைக்கச் செய்வதாக மயக்க மருந்து வைத்தியர் சொன்னார். நான் முந்திக்கொண்டு, "எனக்கு முழங்கை ஒப்பரேசனுக்குக் காறையெலும்புக்கு (கழுத்தடி எலும்பு) மேலேதான் ஊசி போட்டவை, டொக்டர். நல்லா வேலை செய்தது" என்றேன். "உங்களுக்கு அது சரி. அம்மாவுக்கு நான் அதைப் போடமாட்டன்" என்றார் அவர்.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான், லண்டனில் எனக்கு ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் ஒரு பக்க இமை தாழ்ந்து, மூச்சு அரைவாசியே இறங்குவதுபோல இருந்ததன் பொருள் புரிந்தது. கழுத்தின் 5 முதல் 8 வரையான நரம்பு வேர்களும் நெஞ்சின் முதல் வேரும் சேர்ந்தே கைக்குரிய நரம்புப் பின்னலாகின்றன. காறையெலும்புக்கு மேலே அவை நெருங்கிக் கிடப்பதால், அங்கே போடும் ஊசி முழங்கை முதல் விரல் வரை விரைவாகவும் முழுமையாகவும் விறைக்கச் செய்யும். ஆனால் மருந்து மேலே பரவினால், மூச்சிழுக்கும் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் சில மணி நேரம் உறங்கிவிடும். திடமான நுரையீரல் அதைத் தாங்கும். முட்டுக்காரருக்கு அது வீண் ஆபத்து. தோள் சத்திரசிகிச்சைக்காகக் கழுத்தில் போடும் ஊசியில் இந்தப் பாதிப்பு இன்னும் கூடுதலாம்.

ஆகவே அம்மாவுக்கு அவர் தேர்ந்தது கமக்கட்டு (அக்குள்) வழி. காறையெலும்புக்கு மேலானது, கமக்கட்டு வழியானது ஆகிய இரண்டுமே 1911 இல் ஜேர்மனியில் வெளிவந்தவை. அந்நாளில் கைத்தடவலில்தான் நரம்பைத் தேடினார்கள். முதலாவதில் ஊசி நுரையீரலைத் துளைத்துவிடும் என்ற பயம் நெடுங்காலம் இருந்தது. இப்போது ஸ்கான் திரையில் நாடியும் நுரையீரல் உறையும் ஊசிமுனையும் தெரிவதால் அந்தப் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அம்மாவின் கையை விரித்து வைத்து, கமக்கட்டில் ஸ்கான் கருவியை வைத்தார்கள். துடிக்கும் நாடியைச் சுற்றி மூன்று நரம்புகள் தேன்கூட்டுப் புள்ளிகளாகத் தெரிந்தன. நாலாவது சற்று விலகித் தசைகளுக்கிடையே ஒளிந்திருந்தது. அதைத் தவறவிட்டால் முன்கையின் பெருவிரற்பக்கத் தோல் விறைக்காதாம். ஒவ்வொன்றையும் சுற்றி மருந்து கரிய வளையமாக விரிவதை நானும் பார்த்தேன். மேல்கையில் இறுக்கும் பட்டி வலிக்காதிருக்க உட்பக்கத் தோலின் கீழும் கொஞ்சம் மருந்து போட்டார். எனக்கு ஒரே இடத்தில் முடிந்த வேலை அம்மாவுக்கு ஊசிமுனையைப் பலமுறை நகர்த்தி முடிந்தது. விறைக்கவும் கூடுதல் நேரம் எடுத்தது. "தம்பி, இது ஆற்றையோ கை மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா.

குறை இல்லாமலில்லை. விறைப்பு விடுமுன்பே வலிக்குளிசை தொடங்க வேண்டும் என்று வைத்தியர் குறிப்பில் எழுதியிருந்தும், வைத்தியசாலை விடுதியில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. நள்ளிரவில் கை விழித்தபோது வலி ஒரேயடியாக வந்தது. தாதியைத் தேடிப் பிடித்துக் குளிசை வாங்குவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. காலையில் பொறுப்பானவரிடம் முறையிட்டேன், வருந்தினார், அவ்வளவுதான்.

விடியும்வரை வலியைச் சொல்லிச் சொல்லி என்னைத் தூங்கவிடாத அம்மா, தலையணைக்குக் கீழே வைத்திருந்த, முட்டுக்கு உறிஞ்சும் பம்பை மட்டும் ஒருமுறையும் எடுக்கவில்லை.